கவிஞர் விட்டுச்சென்ற பொருள்கள்

புகழ்பெற்ற கவிஞரின் கைத்தடியையும் தலைமயிரையும் தேடிச் சேர்ப்போர் எந்நாட்டிலும் உளர். சீர்திருத்தச் சபையாராகிய நாம் அதனை ஐயத்தோடு நோக்குகிறோம், காரணமும் உண்டு. ஞானப்பாட்டுகள் பல இயற்றிய லுத்தர் மரித்த கட்டிலென்று ஐஸ்லெபன் நகரில் காட்டப்பட்டதிலிருந்து, பல்வலிக்கு மருந்தென மக்கள் சிராய்களைப் பெயர்த்துச் சென்றனர். 1707ஆம் ஆண்டில் அக்கட்டில் எரிக்கப்பட்டது. சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கியதற்கு மறு ஆண்டு அது!

எனினும் இந்த அச்சமே நம்மை வேறொரு தவற்றிற்கு உட்படுத்திற்று எனலாம். பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) நினைவாக நாம் போற்றவேண்டியவை அங்கியும் கைத்தடியும் அல்ல, ஓலைச்சுவடிகளும் கைப்பிரதிகளுமே. ஓலையைப் பூச்சி அரிக்கும்; எண்ணெய் பூசிப் பேணிக் காலந்தோறும் படியெடுத்தாலன்றி அதிலுள்ளது நில்லாது. அவருடைய பிரதிகளில் ஒரு தொகுதி பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தது. அவர்தம் கீர்த்தனைகள் நம் ஆலயங்களில் இன்றும் ஒலிக்கின்றன. ஆனால் நாம் பாடும் பாடம் கவிஞர் எழுதிய பாடந்தானா என்பதைப் பழம்பிரதியே சொல்லும். குருமனைப் பரணில் பழைய கட்டு ஏதேனும் கிடப்பின், குப்பையென்று எரிக்குமுன் ஆயர்கள் ஒருமுறை அவிழ்த்துப் பார்ப்பார்களாக.