சாத்தும் பூவும் மணக்கும் பூவும்

மலேசியாவின் புக்கிட் செலம்பாவில் ஒரு வீட்டில் துக்கம் விழுந்தால், அது தமிழர் வீடானாலும் சீக்கியர் வீடானாலும், பூ வாங்கப் போகும் வழி பெரும்பாலும் சுங்கைப்பட்டாணிக்குத்தான். செவ்வந்தி, ரோஜா, சம்பங்கி என்று கடையில் தொங்குவதும் இருவருக்கும் ஒன்றே. வீடு வந்து சேர்ந்த பிறகு அந்தப் பூ செய்யும் வேலைதான் வேறு. தமிழ் வீட்டில் அது சடங்கின் உறுப்பு. எடுத்துவிட்டால் சடங்கே தடைப்படும். சீக்கிய வீட்டில் அது சடங்கின் ஓரத்தில் நிற்கும் மரியாதை. இல்லாவிட்டாலும் சடங்கு முழுமையானதே. ஆனால் இந்த வேறுபாட்டோடு நின்றுவிட்டால் இரு மரபையும் பாதிதான் பார்த்தவர்களாவோம்.

வழிபாட்டிலிருந்து தொடங்குவோம். அமிர்தசரசின் சிரோமணி குருத்துவாரா பிரபந்தக் கமிட்டி 1945இல் ஏற்று நிலைநிறுத்திய ‘சீக்கிய ரஹித் மரியாதா’ என்னும் நடத்தை நெறி, சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாகிப்பின் முன் தீபாராதனை காட்டுவதையும் மணியடிப்பதையும் உணவு படைப்பதையும் விலக்குகிறது. அதே நெறி, இடம் மணப்பதற்காகப் பூவும் ஊதுபத்தியும் நறுமணப் பொருளும் வைத்துக்கொள்வதற்குத் தடையில்லை என்கிறது. இந்தப் பகுப்பு மிக நுட்பமானது. குருத்துவாராவின் பூ, கூடியிருக்கும் சங்கத்துக்கு மணம் தருகிறது. தோட்டத்து மாரியம்மன் கோயிலின் பூவோ அம்மனுக்கே உரியது. அர்ச்சனையில் ஒரு நாமத்துக்கு ஒரு பூ என்று அடியில் விழுந்த பிறகுதான் அது பிரசாதமாகி நம் கைக்கு வருகிறது. இரண்டு இடத்திலும் கடைசியில் நம்மை வந்து சேர்வது மணம்தான். ஓரிடத்தில் நேராக வருகிறது, மற்றோரிடத்தில் தெய்வத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறது.

இறுதி ஊர்வலத்தில் இடைவெளி இன்னும் அகலம். தோட்டத்து லய வீடுகளின் வாழ்க்கையில் சாவு விழுந்த செய்தி பரவியதும், வேலியோரத்துச் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் அரளியும் முறத்தில் வந்து சேரும். பெண்கள் தொடுப்பார்கள், இளைஞர்கள் மூங்கிலைப் பிளந்து வளைத்துப் பாடை கட்டி, அதன் மேல் சரம் சரமாகச் சுற்றுவார்கள். நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டி, மாலை சாத்தி, தப்போசையோடு புறப்பட்டால், முன்னே ஒருவர் பூவை உதிர்த்துத் தூவிக்கொண்டே நடப்பார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்த பிறகும், பாடையின் இடத்தில் பெட்டியும் சுடுகாட்டின் இடத்தில் மின்சுடலையும் வந்த பிறகும், இந்தத் தூவல் நிற்கவில்லை.

சீக்கிய வீட்டில் உடலைக் குளிப்பாட்டித் தூய ஆடை உடுத்துகிறார்கள். ஐந்து சமயச் சின்னங்களும் உடலோடு இருக்கின்றன. மாரடித்து அழுவதை நெறி விரும்புவதில்லை. நம்மிடம் ஒப்பாரி இருக்கும் இடத்தில் அங்கே குருபாணி என்னும் திருப்பாடல் இருக்கிறது. பெட்டியின் மேல் குடும்பத்தார் மாலை வைக்கலாம், இதழ் தூவலாம். நெறி அதைக் கேட்பதுமில்லை, மறுப்பதுமில்லை. அர்தாஸ் என்னும் வேண்டுதலைச் சொல்லித் தீ மூட்டி, ‘கீர்த்தன் சோகிலா’ ஓதிவிட்டுத் திரும்புகிறார்கள். பிறகு தொடங்கும் கிரந்த வாசிப்பு ஏறத்தாழப் பத்து நாளில் நிறைவெய்தி, கடா பிரசாதத்தோடும் லங்கர் என்னும் பொதுப்பந்தி உணவோடும் முடிகிறது. தமிழர் பதினாறாம் நாள் கருமக்கிரியையும் சாப்பாட்டுப் பந்தியில்தான் முடிகிறது.

ஓரிடத்தில் மட்டும் என்னால் நடுநிலையாக நிற்க முடியவில்லை. கணவனை இழந்த தமிழ்ப் பெண்ணுக்குத் தலை நிறையப் பூச்சூட்டி, பொட்டிட்டு, வளையல் அடுக்கி, அவற்றையெல்லாம் ஊரறியக் களையும் சடங்கைச் சொல்கிறேன். பூ ஒரு தண்டனைக் கருவியாவது இங்கே மட்டும்தான். சீக்கிய நெறியில் இதற்கு இணையான சடங்கு இல்லை. விரும்பினால் கைம்பெண் மறுமணம் செய்துகொள்ளலாம் என்றே அது கூறுகிறது. உடன்கட்டையை மூன்றாம் குரு அமர்தாஸ் கண்டித்த மரபு அது. பூவுக்குச் சடங்கில் இவ்வளவு இடம் கொடுத்த நாம் அந்த இடத்துக்காக யாரிடம் விலை வாங்கினோம் என்பதை எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

எதிர்பாராத உறவு பாட்டில் இருக்கிறது. கீர்த்தன் சோகிலாவின் ஐந்து பாடல்களில் ஒன்று குரு நானக் பாடிய ஆரத்தி. வானமே தட்டு, கதிரும் நிலவும் விளக்குகள், காட்டின் மரம்செடி எல்லாம் இறைவனுக்கு இட்ட மலர் என்று அது விரிகிறது. பூவைக் கேட்காத சடங்கு, எரியும் சிதையின் முன் உலகத்துப் பூ முழுவதையும் பாட்டில் கொண்டுவந்து நிறுத்துகிறது. மறுபக்கம், பூவால் மூடிய உடலருகே சிவபுராணம் ஓதும் நம் மரபில்தான், மலருக்குள்ளேயே நீ இருப்பதைக் கண்டபின் அதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை என்று பாடிய தாயுமானவரும் இருக்கிறார். குரு கிரந்த் சாகிப்பில் இடம்பெற்ற கபீரின் ஆசா ராகப் பாடல் ஒன்று, இலை பறிக்கும் மாலைக்காரியிடம் இலைக்கு இலை உயிர் இருப்பதைச் சொல்லி, யாருக்காகப் பறிக்கிறாயோ அந்தக் கல்லுக்கு உயிரில்லையே என்கிறது. நட்ட கல்லுக்குப் பூச்சாத்துவதைக் கேள்வி கேட்ட சிவவாக்கியர் கபீருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார்; தாயுமானவரோ கல்லைப் பழிக்காமலே பூவைக் காப்பாற்றுகிறார். அதே நூலில் பாடல்கள் இடம்பெற்ற நாமதேவரும் ரவிதாசரும் இன்னொரு காரணம் சொல்கிறார்கள்: நாம் தொடுக்கும் முன்பே வண்டு பூவைச் சுவைத்துவிட்டதே, தூய பூவுக்கு எங்கே போவது? காசியின் நெசவாளர் கபீரும் திருச்சிராப்பள்ளியின் தாயுமானவரும் ஒரே செடியின் முன் கையை இழுத்துக்கொள்வதுதான் இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் மகிழ்வித்த இடம்.

துணியையும் பூவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழர் மாலை வாங்கிச் சாத்தும் இடத்தில், சீக்கியக் குடும்பம் இறந்தவர் நினைவாகக் குரு கிரந்த் சாகிப்புக்கு ருமாலா என்னும் அலங்காரப் போர்வையைக் காணிக்கையாக்குகிறது. சபையில் ஒருவரைப் போற்றவும் அங்கே மாலையைவிடச் சிரோபா என்னும் துணியே முதன்மை. இது நமக்கு அந்நியமா என்றால், இல்லை. மேடையில் மாலையோடு பொன்னாடை போர்த்துகிறோம். சாவு வீட்டில் சம்பந்திமாரும் தாய்மாமன் வீட்டாரும் மாலையோடு கோடித்துணி கொண்டுவந்து உடல்மேல் போடுகிறார்கள். தமிழரின் கோடி இறந்தவரைப் போர்த்தி அவரோடு போகிறது. சீக்கியரின் ருமாலா அவர் பெயரால் குருவைப் போர்த்திக் குருத்துவாராவில் தங்குகிறது.