நத்தமும் இறையும்

உழவனின் நிலத்துக்கு வரி மதிப்பிடும்போது, அவன் குடியிருக்கும் மனையையும் விளைநிலத்தோடு சேர்ப்பது முறையா? இவ்வினா புதியதன்று. முதலாம் இராசராசன் (கி.பி. 985–1014) தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு அளித்த ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகள் இதற்குத் தெளிவான விடை தருகின்றன.

முதலில் ஊரின் முழுப் பரப்பையும் அளந்து எழுதினர். ஒரு வேலியின் 320இல் ஒரு கூறு முந்திரி. அதன் 320இல் ஒரு கூறு கீழ்முந்திரி. அளவு அதற்கும் கீழே சென்றது. பின்னர், மக்கள் குடியிருக்கும் ஊர்நத்தம், குளம், ஊடே செல்லும் வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றை இறையிலி எனக் கழித்தனர். எஞ்சிய நிலத்துக்கே இறை; அது பல ஊர்களில் வேலிக்கு ஏறத்தாழ 100 கலம் நெல். விளையும் மண்ணே இறை தரவேண்டும் என்பது இதன் அடிப்படை எனலாம்.

ஆயினும் மனைக்கு வரியே இல்லை என எண்ணலாகாது. மனைஇறை என்னும் தனி வரியும் சோழர் காலத்தில் இருந்தது. மேலும், கழித்த நிலங்களுள் ஊர்நத்தம் வேறு, பறைச்சேரி வேறு எனப் பிரித்தே எழுதியுள்ளனர். வரி நீக்கத்தில் இரண்டும் ஒன்று. வாழ்விடத்தில் இரண்டாகவே நின்றன. சோழரின் நேர்மையைப் போற்றும் நாம், அதே கல் கூறும் இப்பிரிவினையையும் மறவாது படித்தல் வேண்டும்.