கிட்டியும் குறிப்பேடும்

தச்சனுடைய தொழிலை அவன் உளி சொல்லும். மருத்துவனுடைய தொழிலை அவன் பை சொல்லும். அதுபோலவே, காவலர் கையில் ஓர் அரசு எந்தக் கருவியைக் கொடுத்திருக்கிறது என்று பார்த்தால், அவ்வரசு தன் குடிகளை எவ்வாறு மதிக்கிறது என்பது விளங்கிவிடும். அரண்மனைகளையும் போர்களையும் கொண்டு வரலாறு எழுதுவது வழக்கம். ஒரு காவல் நிலையத்தின் மேசையைக் கொண்டும் வரலாறு எழுதலாம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பயிலும் மாணவர்களுக்கு அந்த வரலாறு அயலாருடைய கதையன்று. அவர்தம் பாட்டனுக்குப் பாட்டன் பட்ட கதை.

இன்று இவ்வூர்களின் காவல் நிலையங்களில் நாம் காண்பன யாவை? காக்கிச் சீருடை, மார்பிலே பெயர்ப் பட்டை, தடி, விலங்கு, வயர்லெஸ் கருவி, சுவரிலே கண்காணிப்புக் காமிரா, மேசைமேல் அடுக்கடுக்காகப் பதிவேடுகள். சற்றேறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன் இங்கே இவற்றுள் பல இல்லை. வேறு கருவிகள் இருந்தன.

அக்காலத்தில் விழுப்புரமும் திண்டிவனமும் கடலூரைத் தலைமையாகக் கொண்ட தென்னார்க்காட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. கும்பினியார் 1816-ஆம் ஆண்டில் இயற்றிய ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஜில்லாவில் கலெக்டரே மாஜிஸ்திரேட்டு. தாலுகாவில் தாசில்தாரே காவல் தலைவர். ஊரில் மணியக்காரரும் தலையாரியும் அவர் ஏவலாளர். செலவு குறைவு, ஊராருக்கும் பழகிய முறை என்று கருதி இதனை அமைத்தனர். ஆயினும் அதில் பெருங்கேடு ஒன்று ஒளிந்திருந்தது. நில வரியைத் தண்டுபவரும் தாசில்தார். பிடித்து வைப்பவரும் தாசில்தார். ‘என்னை அடித்தார்கள்’ என்று குடியானவன் முறையிட வேண்டிய இடமும் தாசில்தார் கச்சேரியே. மழை பொய்த்த ஆண்டில் வரி கட்ட இயலாத ஏழை, வேலியே பயிரை மேயும்போது யாரிடம் போய் நிற்பான்?

அந்நாளில் வரி வாங்கவும், திருட்டை ஒப்புக்கொள்ளச் செய்யவும் பயன்பட்ட கருவிகளுள் இரண்டின் பெயர்கள் ஆங்கில அரசாங்கத்தின் அறிக்கையிலே தமிழ்ச் சொற்களாகவே பதிந்திருக்கின்றன. ஒன்று கிட்டி. ஒரு முனையில் கயிற்றால் பிணைத்த இரண்டு கோல்கள். அவற்றினிடையே கையையோ தொடையையோ வைத்து நெரிப்பார்கள். மற்றொன்று அண்ணாந்தாள். ஒருவனைக் குனியச் செய்து, கழுத்தின் மேலும் கால்விரல்களின் கீழுமாகக் கயிற்றைச் செலுத்திக் கட்டி, வெயிலிலே நிறுத்திவிடுவது. கயிறு கிடைக்காவிட்டால் அவனுடைய துணியே கயிறாகும். இவற்றைச் செய்யக் கொல்லுலை வேண்டியதில்லை, பொருட்செலவும் இல்லை. எளிதில் கிடைத்தமையாலேயே எங்கும் பரவின.

இதனை வெளிக்கொணர்ந்தவர் யார்? 1852-ஆம் ஆண்டில் சென்னைவாசிகள் சங்கத்தார், கஜுலு லட்சுமிநரசு செட்டியார் தலைமையில், குடிகள் படும் துன்பங்களை எழுதிப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பித்தனர். 1854 ஜூலையில் அங்கே இதுபற்றி விவாதம் எழுந்தது. ‘அப்படியும் நடக்குமோ?’ என்று ஐயுற்றவர் பலர். எனவே எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவரைக் கொண்ட விசாரணைக் குழு சென்னையில் அமைந்தது. குழு முறையீடுகளைக் கேட்கும் என்று அறிவித்தவுடனே, மாகாணத்தின் பல பகுதிகளிலிருந்தும் குடியானவர்கள் சென்னைக்கு வரலாயினர். அப்போது இப்பகுதியில் இருப்புப்பாதை இல்லை. நெடுந்தொலைவு கடந்து வந்து தம் உடம்பில் நேர்ந்ததைச் சொன்னார்கள். வர இயலாதவர் எழுதி அனுப்பினார்கள். நேரிலும் கடிதத்திலுமாக வந்த முறையீடுகள் ஏறத்தாழ 2,000. 1855 ஏப்ரலில் குழுவின் அறிக்கை வெளிவந்தது. சித்திரவதை உண்டு என்றும், வரித்தண்டலுக்கும் குற்ற விசாரணைக்கும் அது கையாளப்பட்டது என்றும் அது ஒப்புக்கொண்டது. 1857-இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் இவ்வறிக்கையை எடுத்துக்காட்டி எழுதினார். தாலுகா கச்சேரித் திண்ணையில் எழுந்த ஓலம் கடல் கடந்து கேட்டது.

விளைவு என்ன? வரி தண்டும் கையும் காவல் புரியும் கையும் வேறாக வேண்டும் என்னும் கருத்து வலுத்தது. 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் தனிப் போலீஸ் துறை உருவாயிற்று. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவரானார். இந்தியா முழுவதற்குமான போலீஸ் சட்டம் வந்தது இதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்தே, 1861-இல்தான். அதே ஆண்டில் வந்த குற்ற விசாரணை முறைச் சட்டமும், பின்னர் 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும் ஓர் அரிய விதியை வகுத்தன. போலீஸாரிடம் ஒருவன் கூறும் குற்ற ஒப்புதலை, அவனுக்கு எதிரான சான்றாக நீதிமன்றம் ஏற்காது என்பதே அவ்விதி. அடித்து வாங்கிய சொல்லுக்கு விலையில்லை என்றால், அடிக்கும் கோலுக்கு என்ன பயன்? கிட்டியை முறித்தது மற்றொரு படைக்கருவியன்று; ஒரு சட்டப் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமும் இவ்விதியைக் கைவிடவில்லை. தன் 23-ஆம் பிரிவில் வைத்துக் காத்திருக்கிறது.

இவ்வாறு கோல் தாழ்ந்து, குறிப்பேடு உயர்ந்தது. நிலையப் பொது நாட்குறிப்பு, வழக்கு நாட்குறிப்பு, முதல் தகவல் அறிக்கை ஆகியன காவலரின் அன்றாடக் கருவிகளாயின. யார் வந்தார், எப்போது வந்தார், என்ன சொன்னார், அவரை எங்கே கொண்டு சென்றனர் என்பதெல்லாம் மையில் பதிந்தால், இருட்டில் நடப்பது குறையும்.

குறையும் என்றேன், ஒழியும் என்று சொல்லவில்லை. 1902-03-இல் ஆராய்ந்த பிரேசர் குழு, போலீஸ் துறையில் ஊழலும் கொடுமையும் மலிந்திருப்பதைக் கண்டது. அன்றியும், குறிப்பேடே கிட்டியாக மாறுவதும் உண்டு. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சில சாதியாரை முழுமையாகப் பதிவேட்டில் ஏற்றிற்று. ஒரு குற்றமும் செய்யாதவன், பிறந்த குடியின் பொருட்டே கைரேகை வைத்தான். அழைத்தபோதெல்லாம் ஆஜர் சொன்னான். தென்னார்க்காட்டில் அஜீஸ் நகர் என்னுமிடத்தில் அத்தகையோரை அடக்கிவைத்த குடியிருப்பு ஒன்று இருந்தது. சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் அச்சட்டம் நீங்கிற்று. சட்டம் நீங்கினும் ஐயப்படும் பழக்கம் உடனே நீங்கவில்லை. திருட்டு நடந்தால் முதலில் இருளர் குடிசைக்கும் குறவர் குடிசைக்கும் செல்லும் வழக்கத்தை எதிர்த்தே, 1990-களில் திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் தோன்றிற்று.

1993-ஆம் ஆண்டில், அப்போதைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு விசாரணைக்காகக் கொண்டுசெல்லப்பட்ட குறவர் ஒருவர் திரும்பவில்லை. அவர் தப்பியோடிவிட்டார் என்றது நிலையம். அவர் மனைவி சென்னை உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அவர் காவலில் மாண்டார் என்னும் உண்மை வெளிப்பட்டது. 2006-இல் காவலர் சிலர் தண்டனை பெற்றனர். எழுதுகோல் பொய் எழுதினால், அது கோல்களிலெல்லாம் கொடிய கோல் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே குறிப்பேட்டுக்கும் காவல் வேண்டியதாயிற்று. 1996-இல் டி. கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் சில நெறிகளை விதித்தது. கைது செய்பவர் தெளிவான பெயர்ப் பட்டை அணிய வேண்டும். கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சியின் கையெழுத்துப் பெற வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ அறிவிக்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவர் உடலைச் சோதிக்க வேண்டும். மார்பிலே மின்னும் அச்சிறு பட்டை அழகுக்கு அன்று. ‘இதைச் செய்தவன் நான்’ என்று பொறுப்பேற்கும் அடையாளம். 1980-இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில், கைவிலங்கை வழக்கமாகப் பூட்டலாகாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்திருந்தார். இப்போதைய சட்டம் குறித்த சில குற்றங்களுக்கு விலங்கை அனுமதிக்கிறது. அதே சட்டம் சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி ஒளிப் பதிவு செய்யவும் கட்டளையிடுகிறது.

சிறையின் கதையும் இத்தகையதே. 1865-இல் ஏற்பட்ட கடலூர் மத்திய சிறை இப்பகுதியின் பெருஞ்சிறை. புதுவையிலிருந்து வெளிவந்த பாரதியார் 1918 நவம்பரில் கைதாகி, ஏறத்தாழ மூன்றரை வாரம் கடலூரில்தான் சிறைப்பட்டிருந்தார். அடுத்த ஆண்டில் கார்டியூ தலைமையில் அமைந்த இந்தியச் சிறைக் குழு, தண்டிப்பது மட்டுமன்று, திருத்துவதும் சிறையின் கடமை என்று வற்புறுத்திற்று. 1979-இல் தென்மாநிலச் சிறை அலுவலர்களைப் பயிற்றும் கழகம் வேலூரில் தோன்றியது. 2023-இல் சென்னைப் புத்தகக் காட்சியில், ‘கூண்டுக்குள் வானம்’ என்னும் பெயரில் சிறைத்துறையே கைவிரித்து நின்று சிறை நூலகங்களுக்காகப் புத்தகங்களைத் தானமாகக் கேட்டது. சங்கிலி கொடுத்த கை நூல் கொடுக்கும் கையாக மாறியதைக் காண நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கருவி மாறினால் போதுமா? 2020 ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் வதைபட்டு இறந்தனர். அந்நிலையத்தில் காமிரா இருந்தது; ஆனால் பதிவு நாள்தோறும் அழிந்துபோகும்படி அமைந்திருந்ததை விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட்டு கண்டார். காமிரா மறந்துவிட்டதைப் பெண் தலைமைக் காவலர் ஒருவர் அஞ்சாமல் எடுத்துரைத்தார். பதிவை நெடுங்காலம் காக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் கட்டளையிட்டது. கருவியைக் காப்பாற்றியது மனச்சான்றே.

மாணவர்களே! உங்களுள் பலர் நாளை சீருடைப் பணித் தேர்வு எழுதுவீர்கள். ஓட்டத்துக்கும் கயிறேற்றத்துக்கும் உடம்பைப் பழக்குவீர்கள், அது வேண்டுவதே. அதனோடு சிலவற்றைப் படித்துச் செல்லுங்கள். கைது செய்யப்பட்டவனுக்குக் காரணம் கூறி, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தச் சொல்லும் அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவைப் படியுங்கள். கார்ஸ்டின் 1878-இல் எழுதிய தென்னார்க்காட்டு ஜில்லாக் கையேட்டையும், பிரான்சிஸ் 1906-இல் எழுதிய விவரத் தொகுப்பையும் புரட்டி, நீங்கள் காக்கப்போகும் மண்ணை அறியுங்கள். 1855-ஆம் ஆண்டின் அறிக்கையைக் கட்டாயம் படியுங்கள். அதில் முறையிட்டு நிற்பவர் உங்கள் முன்னோர். அவர்கள் அன்று வாய் திறந்திராவிட்டால், உங்கள் கையில் குறிப்பேடு வந்திராது.

அந்த ஏட்டில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கட்டும். அவர்களுக்கு நாம் செலுத்தும் கடன் அதுவே.