"ஆம்" என்ற ஒரு சொல்லின் கதை

"சாப்பிட்டாயா?" என்று கேட்டால் "சாப்பிட்டேன்" என்று பதில் சொன்னால் போதும். "ஆம்" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பழைய லத்தீன் மொழியும் ஏறக்குறைய இப்படித்தான். "ஆம்" என்பதற்கென்றே ஒரு பொதுச்சொல் அதில் கிடையாது. கேள்வியில் வந்த வினைச்சொல்லையே திருப்பிச் சொல்வார்கள். அல்லது "அப்படியே" என்று பொருள் தரும் 'சீக்' போன்ற சொற்களைப் பயன்படுத்துவார்கள்.

லத்தீனிலிருந்து பிறந்த மொழிகள் இந்தக் குறையை ஆளுக்கொரு விதமாகத் தீர்த்துக்கொண்டன. இத்தாலியரும் ஸ்பானியரும் 'சீக்' என்பதைச் சுருக்கி 'சீ' என்றார்கள். தெற்கு பிரான்சில் "இது" என்று பொருள்படும் 'ஹோக்' என்ற சொல் 'ஓக்' ஆகி, "ஆம்" என்ற பொருளைப் பெற்றது. வடக்கு பிரான்சிலோ அதே 'ஹோக்' என்ற சொல்லுடன் "அவன்" என்ற சொல்லும் சேர்ந்து 'ஓயீல்' ஆனது. அதுதான் தேய்ந்து தேய்ந்து இன்றைய பிரெஞ்சு 'வீ' ஆகிவிட்டது! ருமேனிய மொழி மட்டும் அண்டை வீட்டாரான ஸ்லாவியரிடமிருந்து 'தா' என்பதைக் கடன் வாங்கிக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கிரேக்கத்தில் 'நே' என்றால் "ஆம்". எல்லை தாண்டி பல்கேரியாவுக்குப் போனால் 'நே' என்றால் "இல்லை"!

1300-களின் தொடக்கத்தில் இத்தாலியக் கவிஞர் தாந்தே, மக்கள் பேச்சுமொழியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரே மூலத்திலிருந்து வந்த மூன்று மொழிகளை அவர் பிரித்துக் காட்ட எடுத்துக்கொண்ட அடையாளம் இந்தச் சின்னச் சொல்தான். 'சீ' சொல்பவர்கள், 'ஓக்' சொல்பவர்கள், 'ஓயீல்' சொல்பவர்கள். தெற்கு பிரான்சின் மொழிக்கு "ஓக் மொழி" என்ற பெயரே நிலைத்தது. அங்கிருந்த ஒரு பெரும் பகுதிக்கும் அதே பொருளில் 'லாங்டோக்' என்று பெயர் வந்தது. உலகத்தில் "ஆம்" என்ற சொல்லால் பெயர் பெற்ற நாட்டுப்பகுதி வேறு இருக்குமா என்பது சந்தேகமே.

12-ம் நூற்றாண்டில் ஓக் மொழி சாதாரண மொழி அல்ல. 'த்ரூபதூர்' என்ற பாடற்கவிஞர்கள் அதில் பாடிய காதல் பாடல்களை ஐரோப்பாவே கேட்டு ரசித்தது. ஆனால் 1209 முதல் 1229 வரை நடந்த சிலுவைப்போர் அந்த மண்ணைச் சிதைத்தது. 1271-ல் துலூஸ் பிரபுக்களின் நாடு பிரெஞ்சு அரசரின் கைக்குப் போனது. 1539-ல் முதலாம் பிரான்சிஸ் மன்னர், சட்ட ஆவணங்கள் எல்லாம் பிரெஞ்சில்தான் எழுதப்பட வேண்டும் என்று ஆணையிட்டார். லத்தீனோடு சேர்ந்து ஓக் மொழியும் அலுவலகங்களிலிருந்து வெளியேறியது.

கடைசி அடி விழுந்தது பள்ளிக்கூடத்தில். 1880-களில் கல்வி கட்டாயமானது, பாடமொழி பிரெஞ்சு மட்டுமே. பல பள்ளிகளில் தாய்மொழியில் பேசிய பிள்ளையிடம் ஒரு மரத்துண்டையோ வேறு பொருளையோ கொடுத்துவிடுவார்கள். அடுத்து யார் அப்படிப் பேசுகிறார்களோ அவர்களிடம் அதைத் தள்ளிவிட வேண்டும். மாலையில் அது யார் கையில் இருக்கிறதோ அவருக்குத் தண்டனை. பிள்ளைகளே பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரானபோது, தங்கள் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசவே கூசினார்கள்.

1904-ல் அதே மொழியின் கவிஞர் பிரெடெரிக் மிஸ்த்ரால் நோபல் பரிசு பெற்றார். அதன்பிறகும் அம்மொழியைப் பள்ளியில் கற்பிக்கச் சட்டம் அனுமதி தர 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று யுனெஸ்கோவின் அழியும் மொழிகள் பட்டியலில் அதன் கிளைமொழிகள் இருக்கின்றன.

2016-ல் பிரான்சின் தெற்குப் பகுதிகள் சிலவற்றை இணைத்து உருவாக்கிய மாநிலத்துக்கு 'ஒக்சிதானி' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்குள்ளும் 'ஓக்' இருக்கிறது. வரைபடத்தில் அந்தச் சொல் பெரிய எழுத்தில் பிழைத்துவிட்டது. ஆனால் வீட்டில் அம்மா கேட்கும் கேள்விக்கு 'ஓக்' என்று பதில் சொல்லும் குழந்தைகள்தான் குறைந்துபோய்விட்டார்கள்.

ஒரு மொழியைக் கொல்ல அதன் நூல்களை எரிக்க வேண்டியதில்லை. "ஆம்" என்று சொல்லக் குழந்தையை வெட்கப்பட வைத்தாலே போதும்.