எடுத்தலும் மாற்றலும்: பிரிட்டனின் வரியில்லாச் சேமிப்புக் கணக்குகள்

இந்தியாவில் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கை அஞ்சலகத்திலிருந்து வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். அதனால் வட்டி ஒரு பைசாவும் கூடாது. 1968இல் தொடங்கிய அத்திட்டத்துக்கு வட்டியை நிர்ணயிப்பது ஒன்றிய அரசு; கணக்கு எங்கிருந்தாலும் விகிதம் ஒன்றே. எனவே இங்கு நிறுவனங்களின் வட்டியை ஒப்பிடும் தேவை எழவில்லை. கணக்கை மாற்றுவது பெரும்பாலும் ஊர் மாறியவருக்கான வசதியாகவே இருந்துவருகிறது. பிரிட்டன் வேறு வழியில் சென்றது. வரிவிலக்கை அரசு அளித்தது. வட்டியைச் சந்தையின் போக்குக்கு விட்டது. அதன் விளைவாக, கணக்கை ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது அங்கே சேமிப்பாளரின் உரிமை சார்ந்த சிக்கலாக வளர்ந்தது.

இத்திட்டங்களின் வரலாறு மார்கரெட் தாட்சர் ஆட்சியின் பிற்பகுதியில் தொடங்குகிறது. பங்குச் சந்தையில் சிறு முதலீட்டாளர்களை ஈர்க்க, 1987இல் 'பெப்' என்னும் வரிவிலக்குத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பங்குகளை நாடாது வங்கியிலும் பில்டிங் சொசைட்டியிலும் பணம் வைத்திருந்தோருக்கு அதனால் பயனில்லை. அவர்களுக்காக, அன்று நிதியமைச்சராயிருந்த ஜான் மேஜர் 1990 வரவுசெலவுத் திட்டத்தில் 'டெஸா' கணக்கை அறிவித்தார். 1991 ஜனவரி 1 முதல் செயற்பட்ட அக்கணக்கில் ஐந்தாண்டுகளில் மொத்தம் 9,000 பவுண்டுகள் வரை செலுத்தலாம். முதலை இடையில் எடுத்தால் வரிவிலக்கு பறிபோகும்.

1997இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசின் நிதியமைச்சர் கார்டன் பிரவுன், இவ்விரண்டின் இடத்திலும் தனிநபர் சேமிப்புக் கணக்கை, அதாவது 'ஐசா'வை, அறிமுகப்படுத்தினார். அது 1999 ஏப்ரல் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. முதலாண்டின் மொத்த வரம்பு 7,000 பவுண்டுகள். அதில் ரொக்கமாக 3,000 வரை வைக்கலாம். ஐந்தாண்டுக் காத்திருப்பு நீங்கியது. பணத்தை விரும்பியபோது எடுக்கலாம். ஆனால் எடுத்த பணத்துக்குரிய வரிவிலக்கு அத்துடன் முடிந்துவிடும். அதைத் திரும்பச் செலுத்தினால், அந்த ஆண்டின் புதிய வரம்புக்குள்தான் அது கணக்கிடப்படும்.

இங்கேதான் 'எடுத்தல்', 'மாற்றல்' என்னும் இரு வினைகளின் வேறுபாடு முக்கியத்துவம் பெறுகிறது. அன்றாட வழக்கில் ஒரு வங்கியிலிருந்து பணத்தை எடுத்து இன்னொன்றில் போடுவதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதும் ஒரே செயலாகவே தோன்றும். ஐசா விதிகளில் அவை முற்றிலும் வேறானவை. பணம் உரியவரின் கையைத் தொட்டால் அது எடுத்தல். புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திடமிருந்து நேரே கேட்டுப் பெற்றால் அது மாற்றல். 1999 முதல் 2008 வரையிலான ஒன்பது வரியாண்டுகளிலும் தலா 3,000 பவுண்டுகள் செலுத்திய ஒருவரிடம் வட்டி நீங்கலாக 27,000 பவுண்டுகள் இருந்திருக்கும். 2010-11இல் ரொக்க ஐசாவின் ஆண்டு வரம்பு 5,100. கூடுதல் வட்டியை நாடி அவர் முழுப் பணத்தையும் தானே எடுத்துச் சென்றிருந்தால், அதில் 5,100 மட்டுமே மீண்டும் வரிவிலக்குக்குள் நுழைந்திருக்கும். எஞ்சிய 21,900 பவுண்டுகள் அந்தத் தகுதியை இழந்திருக்கும். உரிய படிவத்தை நிரப்பியிருந்தால் ஒரு பவுண்டும் வெளியேறியிருக்காது. ஒன்பதாண்டுச் சேமிப்பின் தகுதி ஒரு படிவத்தைச் சார்ந்திருந்தது.

மாற்றத்தை நாடும் தேவையை உருவாக்கியவையும் நிறுவனங்களே. புதிய வாடிக்கையாளரை ஈர்க்க, முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு மட்டும் ஊக்க வட்டி சேர்த்து உயர்ந்த விகிதத்தை விளம்பரப்படுத்துவது வழக்கமாயிற்று. ஓராண்டு முடிந்ததும் விகிதம் சரியும். இங்கிலாந்து வங்கி 2009 மார்ச்சில் அடிப்படை வட்டியை 0.5 சதவீதமாகக் குறைத்த பின், பல பழைய கணக்குகளில் பெயரளவு வட்டியே எஞ்சியது. வேறிடம் செல்ல முயன்றோர் மாற்றம் முடியும்வரை நீண்ட நாள் காத்திருக்க நேர்ந்தது.

இந்நிலையில் 'கன்ஸ்யூமர் ஃபோகஸ்' என்னும் நுகர்வோர் அமைப்பு, 2010 மார்ச்சில் நியாய வணிக அலுவலகத்திடம் ரொக்க ஐசா குறித்துப் பெருமுறையீடு ஒன்றை அளித்தது. 2002ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் வகுத்த இம்முறையீட்டுக்கு 90 நாட்களுக்குள் பதிலளித்தாக வேண்டும். ஜூன் மாதம் பதில் வந்தது. மாற்றத்துக்கான காலவரம்பை 23 வேலைநாட்களிலிருந்து 15 ஆகக் குறைக்கவும், கணக்கின் வட்டி விகிதத்தை வாடிக்கையாளருக்கான அறிக்கைகளில் குறிப்பிடவும் துறையினர் இசைந்தனர். அந்த இரண்டாவது இசைவு ஊன்றி நோக்கத்தக்கது. தம் கணக்குக்கு என்ன வட்டி கிடைக்கிறது என்பதை அறியாதவர் வேறெதனுடனும் அதை ஒப்பிட இயலாது; அந்த அடிப்படைத் தகவலைப் பெறவே ஒரு முறையீடு வேண்டியிருந்தது.

ஆயினும் ஒரு சமனின்மை நீடித்தது. வெளியேறும் மாற்றத்தைப் பழைய நிறுவனம் மறுக்க முடியாது. உள்வரும் மாற்றத்தைப் புதிய நிறுவனம் ஏற்றே தீரவேண்டும் என்னும் விதியோ இல்லை. ஒப்பீட்டுப் பட்டியலின் உச்சியில் நிற்கும் கணக்கு, புதிய பணத்தை மட்டும் ஏற்று, பழைய ஐசாக்களுக்குக் கதவடைத்திருக்கக்கூடும். நிலைவட்டிக் கணக்காயின், முதிர்வுக்கு முன் வெளியேறுவோர் வட்டியில் ஒரு பகுதியை இழப்பர். ஆகவே விகிதத்தை மட்டும் பார்த்து ஒப்பிடுவது போதாது. நுழைவு விதியையும் வெளியேறும் செலவையும் உடன் நோக்க வேண்டும்.

பின்வந்த சீர்திருத்தங்களும் நகர்வு பற்றியவையே. 2014 ஜூலை 1 முதல் மொத்த வரம்பு 15,000 பவுண்டுகளாகி, முழுவதையும் ரொக்கமாக வைக்க இசைவு கிடைத்தது. பங்கு ஐசாவிலிருந்து ரொக்க ஐசாவுக்கு மாற்றும் வழியும் அப்போதுதான் திறந்தது. எடுத்த பணத்தை அதே வரியாண்டில் திரும்பச் செலுத்த இடமளிக்கும் நெகிழ்வு ஐசா 2016இல் வந்தது. அதை வழங்குவது நிறுவனத்தின் விருப்பம். 2017இல் வரம்பு 20,000 ஆயிற்று. நடப்பாண்டில் செலுத்திய தொகையை முழுதாக மட்டுமே மாற்றலாம் என்ற விதி 2024 ஏப்ரலில் தளர்ந்தது.

இடையில் வரிவிலக்கின் மதிப்பே ஐயத்துக்குள்ளாயிற்று. 2016 முதல், அடிப்படை விகிதத்தில் வரி செலுத்துவோர் சாதாரணக் கணக்கிலும் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வட்டியை வரியின்றிப் பெறலாம். ஒரு சதவீத வட்டியில் அவ்வரம்பை எட்ட ஒரு லட்சம் பவுண்டுகள் வேண்டும். ஐசா தேவையற்றது என்ற பேச்சும் எழுந்தது. 2023 ஆகஸ்டில் அடிப்படை வட்டி 5.25 சதவீதத்தைத் தொட்டபோது கணக்கு மாறியது. ஐந்து சதவீத வட்டியில் 20,000 பவுண்டுகளே அவ்வரம்பை நிரப்பிவிடும். வட்டி குறைந்திருந்த ஆண்டுகளில் பழைய ஐசாவை எடுத்துச் செலவிடாது வைத்திருந்தோர் இப்போது பயனடைந்தனர்.

2025 நவம்பரில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அறிவித்தபடி, 2027 ஏப்ரல் முதல் 65 வயதுக்குட்பட்டோர் ரொக்க ஐசாவில் ஆண்டுக்கு 12,000 பவுண்டுகளே செலுத்தலாம். மொத்த வரம்பு 20,000 ஆகவே தொடரும். இவ்வரம்பைச் சுற்றுவழியில் கடவாதிருக்க, பங்கு ஐசாவிலிருந்து ரொக்க ஐசாவுக்கு மாற்றுவதும் அவர்களுக்குத் தடுக்கப்படவுள்ளது. 2014இல் திறந்த வழி பெரும்பான்மையோருக்கு மீண்டும் அடைபடுகிறது. சேமிப்பாளரைப் பங்குச் சந்தையின் பக்கம் திருப்புவதே அரசின் நோக்கம். 1987இல் 'பெப்' தொடங்கியபோதும் அதுவே நோக்கமாயிருந்தது.

வரிவிலக்குச் சேமிப்பின் வரலாற்றை வரம்புத் தொகைகளின் வரிசையாக எழுதுவது எளிது. அத்தொகைகள் பெரும்பாலும் உயர்ந்தே வந்துள்ளன. பணத்தை யார், எத்திசையில், எத்தனை நாளில், யாருடைய இசைவோடு நகர்த்தலாம் என்ற கேள்வியோடு அதே விதிகளைப் படித்தால், சேமிப்பாளருக்கும் நிறுவனத்துக்கும் அரசுக்கும் இடையே அதிகாரம் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பது தெளிவாகும்.