பஞ்சாங்கத்தில் அடங்கிய பேரெண்

அர்ச்சனைக்குமுன் சங்கல்பம் செய்விக்கும் குருக்கள், கலியுகத்தைக் குறிப்பிட்ட பின்னரே நம் பெயரையும் நட்சத்திரத்தையும் கூறுகிறார். யுகக் கணக்கு வெறும் புராணக் கற்பனை என்றெண்ணி நாம் அதனைச் செவிமடுப்பதில்லை. அக்கணக்கினுள் அரியதோர் எண் உறைந்திருப்பதை அன்பர்கள் அறிதல் வேண்டும்.

கி.பி. 499-இல், கலியுகத்தில் 3,600 ஆண்டுகள் நிறைந்தபோது, ஆரியபட்டருக்கு வயது 23. 4,320,000 ஆண்டுகள் கொண்ட மகாயுகத்தில் பூமி 1,582,237,500 முறை தன்னைத்தானே சுற்றுகிறது என்பது அவரது கணக்கு. அக்காலத்திலேயே பூமி சுழல்வதாகக் கொண்டாரே என்பது வியத்தற்குரியது! அத்தொகையிலிருந்து ஆண்டுகளின் எண்ணிக்கையைக் கழித்தால் எஞ்சுவது 1,577,917,500. இதுவே மகாயுகத்தின் நாட்கள்.

இவ்வெண்ணின் சிறப்பு அதன் பருமனில் இல்லை. அது வகுபடும் முறையில் உள்ளது. நாட்களின் தொகை, ஆண்டுகளின் தொகை ஆகிய இரண்டும் 7,500-ஆல் மீதியின்றி வகுபடும். கிடைப்பவை 210,389 நாட்களும் 576 ஆண்டுகளும். இவ்விரண்டுக்கும் மேலும் பொது வகுஎண் கிடையாது. ஆகவே, சித்திரை மாதப் பிறப்பு இன்று நிகழ்ந்த அதே நாழிகையில் மீண்டும் துல்லியமாக நிகழ 576 ஆண்டுகள் செல்லும். அதற்கு ஓராண்டு முன்னரும் நிகழாது.

வகுத்துப் பார்த்தால் ஓராண்டுக்கு 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. (இவ்விநாடி கடிகாரத்தினது அன்று, நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு.) தமிழகத்தின் வாக்கிய பஞ்சாங்கம் கொண்டுள்ள ஆண்டளவு இதுவே. முந்தைய ஆண்டுப் பிறப்பின் கிழமை, நாழிகையுடன் 1 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரையைக் கூட்டினால் அடுத்த ஆண்டுப் பிறப்பு கிட்டும்.

இத்தகைய கணக்கைத் தரையில் சோழிகளைப் பரப்பியே செய்தனர். 1825-இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர், மனனம் செய்த வாய்பாடுகளைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்பவர் பதிவு செய்துள்ளார். கிரகணத் தொடக்கத்தில் அவருக்கு நேர்ந்த பிழை 4 நிமிடமே; முடிவிலோ 52 நிமிடம். இரண்டையும் சொல்வதே நேர்மை.

அவ்வாறே ஆரியபட்டரின் ஆண்டும் உண்மையான நட்சத்திர ஆண்டைவிட ஏறத்தாழ 3 நிமிடம் 20 விநாடி நீண்டது. 1,500 ஆண்டுகளில் அது மூன்று நாட்களுக்கு மேல் சேர்ந்துவிடும். வாக்கியமா, திருக்கணிதமா என்று நிர்வாகக் கூட்டங்களில் எழும் வாதத்தை இதனை அறிந்த பின்னரே தொடங்குதல் நன்று.

பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்குத் தமிழகப் பஞ்சாங்கமே வழிகாட்டி. அதில் அச்சிட்ட மணியுடன் 2 மணி கூட்டிக்கொள்வது வழக்கம். 1982 ஜனவரி 1-இல் இந்நாட்டுக் கடிகாரம் அரைமணி முன்னகர்த்தப்பட்ட பின் இரண்டரை மணி கூட்ட வேண்டியதாயிற்று. மாறியது கடிகாரமே, சூரியனும் நாழிகையும் மாறவில்லை. தோட்டத் துண்டாடலுக்குப் பின் மக்கள் ஈப்போவுக்கும் பிற பட்டணங்களுக்கும் பெயர்ந்தனர். இக்கூட்டலை மனத்திலேயே போட்டுக் கோயில் மணியடித்த பெரியவர்களும் அவர்களோடு சிதறினர்.