நிலம் நடுங்கினும் நிற்கும் கற்றளிகள்

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிப் பேசும் மேடைகளில் தவறாது ஒலிக்கும் கூற்று ஒன்று உண்டு. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பதே அது. நிழல் விழவே செய்கிறது. காலையிலும் மாலையிலும் எவரும் அதனைக் காணலாம். இத்தகைய கதைகள் மெய்யான வியப்பை மறைத்துவிடுகின்றன. கல்லின் எடையையும் பொருத்தத்தையுமே பெரிதும் நம்பி எழுப்பிய கட்டடம் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்பது எவ்வாறு? ஆராயத்தக்கது இதுவே.

முதலாம் இராசராசன் கி.பி. 1010இல் நிறைவு செய்த அவ்விமானம் ஏறத்தாழ 60 மீட்டர் உயரமுடையது. அதன் அடிப்பகுதி, பக்கத்துக்கு ஏறத்தாழ 30 மீட்டர் கொண்ட சதுரம். 13 நிலைகளாக உயரும் அது, மேலே செல்லச் செல்ல ஒடுங்குகிறது. உள்ளே கூடாகவும் அமைந்துள்ளது. ஆதலின், எடையின் பெரும்பகுதி கீழேயே தங்குகிறது. நாற்புறமும் ஒத்த வடிவமாதலின், அதிர்வின்போது கட்டடம் முறுக்கிக்கொள்வதும் குறைகிறது.

நில அதிர்ச்சி கட்டடத்தைப் பக்கவாட்டில் உலுக்குகிறது. கல் அழுத்தத்தைத் தாங்கவல்லது, இழுப்பைத் தாங்காது. ஒரே பாளமாக இறுகிய சுவர் வளைய இயலாமல் பிளக்கும். சாந்தின்றி அடுக்கிய கற்களோ இணைப்புகளில் சிறிதே நகர்ந்து, ஒன்றோடொன்று உராய்ந்து, அதிர்வின் ஆற்றலைத் தணிக்கின்றன. துண்டுக் கற்களை அடுக்கி நிறுத்திய கிரேக்கத் தூண்களும் இவ்வாறே அசைந்தாடி மீண்டும் நிலைகொள்கின்றன.

எனினும், கற்றளி எதற்கும் அசையாது என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. தஞ்சைச் சமவெளி பேரதிர்ச்சிகள் மிகுந்த நிலமன்று. கடுஞ்சோதனை நிகழ்ந்த இடம் நம் அண்டை நிலமான சாவகம். 2006 மே 27ஆம் நாள், யோக்யகர்த்தா அருகே 6.3 அளவுடைய நிலநடுக்கம் 5,700க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் தோன்றி, பின்னர்ச் சிதைந்து, 1953இல் மீண்டும் எழுப்பப்பட்ட பிரம்பானான் சிவன் கோயில் 47 மீட்டர் உயரமுடையது. அவ்வளாகத்தில் கற்கள் சரிந்தன. சுவர்கள் விரிசல் கண்டன. போரோபுதூரோ பெருஞ்சேதமின்றித் தப்பியது. அதிர்ச்சியின் நடுவிடத்திலிருந்து அது தொலைவில் இருந்தது ஒரு காரணம். குன்றின் மேல் படிபடியாக அகன்று, தாழ்ந்து அமர்ந்திருக்கும் வடிவம் மற்றொரு காரணம்.

இவ்வுண்மை நமக்கு ஒரு கடமையையும் உணர்த்துகிறது. பழுதுபார்க்கிறோம் என்று பழங்கோயில்களின் கல்லிடுக்குகளைச் சிமெண்டால் இறுக அடைத்தால், கற்கள் அசைந்துகொடுக்கும் இயல்பு கெடும். காப்பதாக எண்ணிச் செய்யும் செயலே கேடாக முடியும்.

பெரிய கோயிலை அமைத்த குஞ்சரமல்லன் என்னும் இராசராசப் பெருந்தச்சனின் பெயர் அக்கோயிற் கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. நிழல் விழாத கதையை விடுத்து, அவன் அறிந்திருந்த எடையின் கணக்கையும் கல்லின் இயல்பையும் மாணவர்க்கு உணர்த்துவதே அப்பெயருக்குத் தமிழாசிரியர் செய்யத்தக்க சிறப்பாகும்.